தொலைந்துபோன மௌனப்படக் காமெடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படங்களைப் பற்றிய பேச்சு இது?

சுமார் 1905 முதல் 1929 வரை பிரான்சிலும் அமெரிக்காவிலும் குவியல் குவியலாக வந்த சின்னச் சின்ன நகைச்சுவைப் படங்கள். ஒரு ரீல் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம், இரண்டு ரீல் என்றால் இருபது, இருபத்தைந்து நிமிடம். வழுக்கி விழுவது, துரத்துவது, முகத்தில் எதையாவது அப்புவது, ஏணியோடு திரும்பி நாலு பேரைச் சாய்ப்பது, இவைதான் சரக்கு. பிரான்சில் பாத்தே கம்பெனியின் மேக்ஸ் லிண்டர், அமெரிக்காவில் மேக் சென்னட் 1912-இல் தொடங்கிய கீஸ்டோன் கம்பெனி, அங்கிருந்து வெளிவந்த சார்லி சாப்ளின், மேபல் நார்மண்ட், ராஸ்கோ ஆர்பக்கிள், அப்புறம் பஸ்டர் கீட்டன், ஹரால்ட் லாயிட், கடைசியாக லாரலும் ஹார்டியும். இவர்கள் நம் எல்லோருக்கும் தெரிந்த முகங்கள். இவர்கள் பக்கத்திலேயே நின்று அதே அளவு சிரிக்க வைத்த பலருடைய பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. காரணம், அவர்களுடைய படங்கள் இல்லை.

உலகமே பார்த்துச் சிரித்த படங்கள் எப்படித் தொலையும்?

உலகமே பார்த்ததுதான் பாதிக் காரணம். ஒரு பிரிண்ட் முதலில் பெரிய நகரத்துத் தியேட்டரில் ஓடும். பிறகு சின்ன ஊர், அதற்கும் பிறகு கடைசி ரவுண்டு கொட்டகை. ஒவ்வொரு ஆபரேட்டர் கையிலும் கொஞ்சம் கிழியும், ஒட்டப்படும், நாலு அங்குலம் குறையும். கடைசியில் பல் போன பிலிமாகத் திரும்பி வரும், அல்லது வராமலே போகும்.

இன்னொரு காரணம் இந்தப் படங்களுக்கு இருந்த இடம். இவை துணைப்படங்கள். மெயின் படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்காக வாராவாரம் சுட்டுத் தள்ளியவை. சாப்ளின் 1914 என்ற ஒரே ஆண்டில் கீஸ்டோனில் 36 படங்களில் நடித்தார். நாடோடி வேடத்தோடு அவர் முதன்முதலாகத் திரைக்கு வந்த 'கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்' படத்தை, கலிபோர்னியாவில் நிஜமாகவே நடந்துகொண்டிருந்த சிறுவர் வண்டிப் பந்தயத்துக்கு நடுவே போய் நின்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அதைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. பழைய நாளிதழை யார் பூட்டி வைப்பார்கள்?

பிறகு 1927-இல் பேசும்படம் வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மௌனப்படத்துக்கு மார்க்கெட் விலை பூஜ்யம். குடோன் வாடகை, தீக் காப்பீடு, ஆள் சம்பளம் எல்லாம் கட்டி எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனிகள் கணக்குப் போட்டன. பிலிமில் வெள்ளி இருக்கிறது, உருக்கினால் காசு. யூனிவர்சல் கம்பெனி 1948-இல் தன் கையிலிருந்த மௌனப்பட நெகட்டிவ்களைத் தானே அழித்தது. மேக் சென்னட் 1933-இல் திவாலானார். ஒரு தலைமுறையைச் சிரிக்க வைத்த அவருடைய படங்கள் யார் யார் கைக்கோ போய்ச் சிதறின.

தீ விபத்துகள்தான் முக்கியக் காரணம் என்கிறார்களே?

தீயும் ஒரு காரணம். அன்றைய பிலிம் நைட்ரேட் பிலிம். செல்லுலோஸ் நைட்ரேட்டில் செய்தது. வெடிமருந்துப் பஞ்சுக்கு நெருங்கிய சொந்தம். பற்றிக்கொண்டால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே விடும் என்பதால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரிந்துகொண்டே இருக்கும். 1937 ஜூலையில் நியூஜெர்சியில் லிட்டில் ஃபெரி என்ற ஊரில் ஃபாக்ஸ் கம்பெனியின் குடோன் வெயில் சூட்டில் பற்றி எரிந்து, அந்தக் கம்பெனியின் மௌனப்படங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் போனது. ஹரால்ட் லாயிட் தன் படங்களைச் சொந்தமாக வைத்திருந்த, அவற்றின் அருமை தெரிந்த ஆள். தன் பங்களாவிலேயே பிலிம் அறை கட்டி வைத்திருந்தார். 1943-இல் அந்த அறையே பற்றிக்கொண்டது. அவருடைய தொடக்க காலப் படங்கள் பல அதோடு சரி. அவர் முதலில் பெயர் வாங்கிய 'லோன்சம் லூக்' வரிசையில் பெரும்பாலானவை இன்று இல்லை.

தீ பிடிக்காமல் இருந்தாலும் நைட்ரேட் தானாகவே அழுகும். முதலில் படம் மங்கும், பிறகு பிசுபிசுவென்று ஒட்டும், மேலே தேன் நிறத்தில் கசியும், ரீல் முழுவதும் ஒரே கட்டியாக இறுகும், கடைசியில் பழுப்புப் பொடி. பெட்டியைத் திறந்தால் மூக்குப்பொடி மாதிரி ஒரு குவியல் இருக்கும். அதில் யார் நடித்தார்கள் என்று பெட்டி மேல் ஒட்டிய சீட்டுதான் சொல்ல வேண்டும். ஈஸ்ட்மன் கோடாக் 1950களின் தொடக்கத்தில்தான் நைட்ரேட் தயாரிப்பை நிறுத்தியது.

எத்தனை படங்கள் தொலைந்தன என்று கணக்கு உண்டா?

முழுநீளப் படங்களுக்கு உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக டேவிட் பியர்ஸ் செய்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வந்த 10,919 முழுநீள மௌனப்படங்களில், முதலில் வெளியான அதே வடிவில் முழுதாக இருப்பவை 14 சதவீதம். சுமார் 70 சதவீதம் அடியோடு போய்விட்டன. துணைப்படங்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

சாப்ளின் படம்கூடவா தொலைந்திருக்கிறது?

ஒன்று தொலைந்திருக்கிறது. 1914 ஜூனில் வெளிவந்த 'ஹெர் ஃபிரெண்ட் தி பேண்டிட்'. சாப்ளினும் மேபல் நார்மண்டும் நடித்தது. கொள்ளைக்காரன் ஒருவன் பிரபு வேடம் போட்டு விருந்துக்குள் நுழையும் கதை. கீஸ்டோனில் சாப்ளின் நடித்த படங்களில் இன்றுவரை கிடைக்காதது இது ஒன்றுதான்.

சாப்ளின் விஷயத்தில் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கீஸ்டோனில் தொப்பியும் தடியுமாகக் கூட்டமாக ஓடும் போலீஸ்காரர்களில் ஒருவராகத் தானும் நடித்ததாகச் சாப்ளின் ஒருமுறை சொல்லியிருந்தார். எந்தப் படம் என்று யாருக்கும் தெரியவில்லை, அவர் தவறாக நினைவு வைத்திருக்கிறார் என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் எண்ணினார்கள். பிறகு பால் கியருக்கி என்ற திரைப்பட வரலாற்றாளர் மிச்சிகனில் ஒரு பழம்பொருள் விற்பனையில் 16 மி.மீ. ரீல் ஒன்றை வாங்கினார். ஏதோ ஒரு கீஸ்டோன் படம் என்று நினைத்து வைத்துவிட்டு, பிறகு ஒருநாள் ஓட்டிப் பார்த்தார். அது 1914 பிப்ரவரியில் வந்த 'எ தீஃப் கேச்சர்'. நடுவில் போலீஸ் உடுப்பில் ஒருவர் உள்ளே வருகிறார். மீசையைப் பார்ப்பதற்கு முன்பே உடம்பு அசைகிற விதம் சொல்லிவிடுகிறது அது யார் என்று. 2010-இல் அந்தப் படத்தைத் திரையிட்டார்கள். 35 என்று நிலைத்திருந்த எண்ணிக்கை 36 ஆனது. உலகத்திலேயே அதிகமாக ஆராயப்பட்ட நடிகருக்கு 96 ஆண்டுகள் கழித்து ஒரு புதுப் படம்!

லாரல் ஹார்டியின் பெரிய 'பை' சண்டைப் படம் முழுதாகக் கிடைத்துவிட்டதா?

ஏறக்குறைய. பை என்றால் இங்கே துணிப்பை இல்லை, க்ரீம் தடவிய கேக் மாதிரியான பலகாரம் (pie). இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தொலைந்த படங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

படம் 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி'. ஹால் ரோச் தயாரித்து 1927-இன் கடைசி நாளில் வெளியான இரண்டு ரீல் படம். அந்த ஆண்டு செப்டம்பரில் சிகாகோவில் ஜாக் டெம்ப்சிக்கும் ஜீன் டன்னிக்கும் நடந்த குத்துச்சண்டையில், ரெஃபரி எண்ணத் தாமதித்ததால் பெரிய சர்ச்சை எழுந்தது. முதல் ரீல் அதைத்தான் கிண்டல் செய்கிறது. ஸ்டான் லாரல் குத்துச்சண்டை வீரர், ஆலிவர் ஹார்டி மேனேஜர். லாரல் தோற்கிறார். பிறகு ஹார்டி அவர் பேரில் விபத்துக் காப்பீடு எடுத்துவிட்டு, அவர் வழுக்கி விழ வேண்டும் என்று வாழைப்பழத் தோலைத் தெருவில் போடுகிறார். அதில் வழுக்கி விழுவது பேக்கரிக்காரர். அங்கிருந்து சண்டை தொடங்குகிறது. க்ரீம் தடவிய பை, வண்டி நிறைய பை. தெரு முழுக்க எல்லோரும் எல்லோர் மேலும் எறிகிறார்கள்.

சில பத்தாண்டுகளுக்கு இந்தச் சண்டையில் மூன்று நான்கு நிமிடம்தான் உலகத்துக்குக் கிடைத்தது. ராபர்ட் யங்சன் என்பவர் 1957-இல் பழைய நகைச்சுவைக் காட்சிகளைத் தொகுத்து ஒரு முழுநீளப் படம் வெளியிட்டார். அதற்காக இந்த ரீலின் நெகட்டிவிலிருந்து சில பகுதிகளை வெட்டிச் சேர்த்தார். அதற்குள்ளேயே நெகட்டிவ் அழுகிக்கொண்டிருந்தது. பிறகு மிச்சமும் போனது. முதல் ரீல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் பின்னாளில் அகப்பட்டது. இரண்டாவது ரீல் போனது போனதுதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் யங்சன் தொகுப்பு வேலைக்காக அந்த ரீல் முழுவதையும் 16 மி.மீ.-இல் ஒரு பிரதி போட்டு வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு அவருடைய பெட்டிகள் இன்னொரு சேகரிப்பாளருக்குப் போயின. அவரும் இறந்த பிறகு, அந்தப் பெட்டிகள் ஜான் மிர்சாலிஸ் என்ற சேகரிப்பாளருக்கு வந்தன. மிர்சாலிஸ் மௌனப்படங்களுக்குப் பியானோ வாசிப்பவர். 2015-இல் அவர் ஒரு கேனைத் திறந்தபோது உள்ளே இருந்தது வெட்டுப்படாத இரண்டாவது ரீல்.

முழு ரீலையும் பார்த்தால்தான் இந்தப் படம் ஏன் பெரிது என்பது விளங்கும். யங்சனின் தொகுப்பில் பைகள் உடனே பறக்க ஆரம்பித்துவிடும். அசலில் அது படிப்படியாக ஏறுகிறது. முதல் பை, அதற்கு ஒரு பதில், குறி தவறி மூன்றாவது ஆளுக்கு ஒன்று, அவர் நிதானமாகத் துடைத்துக்கொண்டு நடந்து வந்து தன் பங்கை எடுப்பது. ஒவ்வொரு பைக்கும் ஒரு காரணம், ஒரு யோசனை, ஒரு அவமானம் இருக்கிறது. பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் ஒன்று வந்து சேர்கிறது. எனக்குப் பிடித்தது அனிதா கார்வின் வரும் இடம். நன்றாக உடுத்திக்கொண்டு தெருமுனையில் திரும்புகிறார், கீழே கிடக்கும் பை மேல் சறுக்கி அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். யாரையும் திட்டவில்லை, கத்தவில்லை. என்ன நடந்தது என்று ஒரு கணம் யோசிக்கிறார், எழுந்து மிடுக்காக நடக்கிறார், இரண்டு அடி வைத்ததும் காலை லேசாக ஒரு உதறு உதறுகிறார். பத்து விநாடிகூட இருக்காது. நூற்றுக்கணக்கான பைகளுக்கு நடுவில் அந்த ஒரு உதறல்தான் நினைவில் நிற்கிறது.

இன்னும் கிடைக்காதது ஒரு சின்னப் பகுதி. யூஜின் பாலெட் காப்பீட்டு ஏஜென்டாக வரும் காட்சி. மறுசீரமைப்புப் பிரதியில் அந்த இடத்தை ஸ்டில் படங்களாலும், வசனமும் விவரமும் எழுதிக் காட்டும் டைட்டில் கார்டுகளாலும் நிரப்பியிருக்கிறார்கள்.

இன்னும் எல்லோரும் தேடுகிற படம் எது?

'ஹேட்ஸ் ஆஃப்'. அதே 1927, அதே லாரல் ஹார்டி. இருவரும் துணி துவைக்கும் இயந்திரம் விற்கிறார்கள். உயரமான படிக்கட்டின் உச்சியிலிருந்து ஒரு பெண் கையசைத்துக் கூப்பிடுகிறார். அந்தக் கனமான இயந்திரத்தை மூச்சு வாங்க மேலே தூக்கிப் போனால், அவர் நீட்டுவது ஒரு கடிதம்: இதைத் தபாலில் போட்டுவிடுங்கள். கடைசியில் தெருவே தொப்பிச் சண்டையில் இறங்குகிறது, ரோடு ரோலர் வந்து இயந்திரத்தை நசுக்குகிறது. இவ்வளவும் ஸ்டில் படங்களிலிருந்தும் அந்தக் காலத்து எழுத்துகளிலிருந்தும் தெரிந்தது. படத்தில் ஒரு அடி பிலிம்கூட இல்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் சில்வர் லேக் பகுதியில் அந்தப் படிக்கட்டு இன்னும் இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே படிக்கட்டில், இயந்திரத்துக்குப் பதில் பியானோவைத் தூக்க வைத்து எடுத்ததுதான் 'தி மியூசிக் பாக்ஸ்'. ஆஸ்கர் வாங்கிய படம். ஆகவே 'ஹேட்ஸ் ஆஃப்' கிடைத்தால் ஒரு நல்ல யோசனை எப்படி முற்றியது என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்காகவே நான் ஆசைப்படுகிறேன்.

கீட்டன் ரசிகர்களைக் கேட்டால் 'எ கண்ட்ரி ஹீரோ' என்பார்கள். 1917-இல் ஆர்பக்கிளோடு கீட்டன் நடித்தது. இருவரும் சேர்ந்து நடித்த படங்களில் இன்னும் கிடைக்காதது அது மட்டும்தான்.

கம்பெனிகள் அழித்துவிட்டன என்றால், இன்றைக்கு நாம் பார்ப்பதெல்லாம் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களிலிருந்து. வீடுகளிலிருந்து, வெளிநாட்டுக் கொட்டகைகளிலிருந்து.

பாத்தே கம்பெனி 1922 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் ஓட்டும் சின்ன புரொஜெக்டரைக் கொண்டுவந்தது. 9.5 மி.மீ. பிலிம், பல் ஓட்டை நடுவில் இருக்கும். மறு ஆண்டு கோடாக்கின் 16 மி.மீ. வந்தது. இரண்டும் தீப்பிடிக்காத சேஃப்டி பிலிம். வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட எதை வாங்குவார்கள்? காமெடிதான். இரண்டு ரீல் படத்தைச் சுருக்கி, சமயத்தில் பெயரையே மாற்றி விற்றார்கள். தியேட்டர் பிரிண்டுகள் பொடியாய்ப் போன பிறகும் இந்தச் சுருக்கப் பிரதிகள் பரணில் கிடந்தன. மௌனப்பட வரலாற்றை எழுதியவர்களில் தலையாயவரான கெவின் பிரவுன்லோ, பள்ளிச் சிறுவனாக இருந்தபோது கிடைத்த 9.5 மி.மீ. புரொஜெக்டரில்தான் தன் தேடலைத் தொடங்கினார். நம்மூரில் பிலிம் துண்டை லென்ஸ் வைத்து வேட்டியில் காட்டிய பையன்களுக்கு அந்த மகிழ்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் பிரிண்டுகளின் கதை வேறு. அமெரிக்காவிலிருந்து சுற்றிச் சுற்றிக் கடைசியாகப் போய்ச் சேர்கிற ஊரிலிருந்து பெட்டியைத் திருப்பி அனுப்பக் கப்பல் கூலி கட்டுப்படியாகாது. அங்கேயே விட்டுவிடுவார்கள். கனடாவின் யூகோன் பகுதியில் டாசன் சிட்டி அப்படி ஒரு கடைசி ஊர். அங்கே தேங்கிய ரீல்களை ஒரு பழைய நீச்சல் குளத்தை மூடுவதற்கு நிரப்பு மண்ணாகப் போட்டுப் புதைத்துவிட்டார்கள். 1978-இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது 500-க்கும் மேற்பட்ட ரீல்கள் வெளியே வந்தன. உறைந்த நிலம் காப்பாற்றியிருந்தது. நியூசிலாந்து இன்னொரு கடைசி ஊர். அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் 2009-இல் பார்த்தபோது அமெரிக்காவில் இல்லாத அமெரிக்கப் படங்கள் 75 அளவுக்கு இருந்தன. ஆர்பக்கிளும் கீட்டனும் நடித்த 'தி குக்' 1998-இல் நார்வேயில் கிடைத்தது. சமையல்காரர் ஆர்பக்கிள் உள்ளிருந்து திரும்பிப் பார்க்காமல் பண்டங்களை வீச, சர்வர் கீட்டன் ஒரு சொட்டுச் சிந்தாமல் பிடிக்கிற அழகை எண்பது ஆண்டுகள் யாரும் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

கீட்டன் படங்கள் சில அவருடைய பழைய வீட்டிலேயே இருந்தன. பெவர்லி ஹில்சில் அவர் கட்டிய பங்களாவைப் பின்னாளில் நடிகர் ஜேம்ஸ் மேசன் வாங்கினார். 1950களில் அங்கே பூட்டிக் கிடந்த அறையில் பிரிண்டுகள் அகப்பட்டன.

ஒரு பழைய காமெடிப் படம் கிடைப்பதால் அப்படி என்ன மாறிவிடும்?

வரலாறு மாறும். லாரலும் ஹார்டியும் எப்போது ஜோடியானார்கள் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1927-இல் வந்த 'டக் சூப்' தொலைந்திருந்த காலத்தில், இருவரும் அதில் ஜோடியாக நடிக்கவில்லை, ஏதோ தனித்தனியாக வந்து போகிறார்கள் என்று நினைத்திருந்தார்கள். 1974-இல் படம் கிடைத்தது. பார்த்தால் முதல் காட்சியிலிருந்தே ஜோடிதான். கதையும் லாரலின் தந்தை எழுதிய மேடை நாடகம். ஜோடி பிறந்த தேதியை இன்னும் முந்தியதாக மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

மேபல் நார்மண்ட் விஷயத்தில் மாற்றம் இன்னும் பெரிது என்பேன். சென்னட்டின் நாயகி, சாப்ளினோடு நடித்த அழகி என்றுதான் வெகுகாலம் எழுதினார்கள். ஆனால் 1914-இலேயே அவர் தன் படங்களைத் தானே இயக்கினார், சாப்ளினையும் இயக்கினார். நியூசிலாந்துப் பெட்டிகளில் ஒன்றில் இருந்தது அவர் இயக்கி நடித்த 'வொன் இன் எ கபோர்டு'. அவர் இயக்கியவற்றில் கிடைத்திருக்கும் மிகப் பழைய படம் அது. காட்சியை எப்படிப் பிரிக்கிறார், கேமராவை எங்கே வைக்கிறார் என்று இனிமேல் படத்தைப் பார்த்தே பேசலாம். 1930-இல் காசநோயால் 37 வயதில் இறந்துபோன ஒரு கலைஞருக்கு இது சின்ன நியாயம் இல்லை.

ஆர்பக்கிள் படங்களை வேண்டுமென்றே அழித்தார்களா?

1921-இல் ஒரு விருந்துக்குப் பிறகு வர்ஜீனியா ரப்பே என்ற நடிகை இறந்த வழக்கில் ஆர்பக்கிள் கைதானார். மூன்று முறை விசாரணை நடந்தது. மூன்றாவது விசாரணையில், 1922 ஏப்ரலில், ஜூரிகள் அவரை நிரபராதி என்று விடுவித்ததோடு மன்னிப்பும் கேட்டு எழுதினார்கள். அதற்குள் பத்திரிகைகள் அவரை முடித்துவிட்டன. அவர் படங்கள் தியேட்டர்களிலிருந்து இறக்கப்பட்டன, சில நாட்களில் தடையும் வந்தது. ஓட்ட முடியாத படத்தை யார் பராமரிப்பார்கள்? அவருடைய படங்கள் பல ஐரோப்பியப் பிரிண்டுகளாக மட்டுமே மிஞ்சியதற்கு இதுவும் காரணம்.

டைட்டிலே இல்லாத ரீல் ஒன்று கிடைத்தால், என்ன படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கிடைக்கும் ரீல்களில் பெரும்பாலானவற்றுக்கு முதலும் கடைசியும் இருக்காது, அந்த இடம்தான் முதலில் கிழியும். பெட்டி மேல் எழுதியிருப்பது வேறு படத்தின் பெயராக இருக்கும். ஆகவே பிலிமிலேயே துப்புத் தேட வேண்டும்.

முதலில் ஓரம். ஈஸ்ட்மன் கம்பெனி தன் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகள் போடும். எந்தக் குறி எந்த ஆண்டு என்று பட்டியல் இருக்கிறது. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும், அதனால் மற்ற அடையாளங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்து டைட்டில் கார்டின் எழுத்தும் அலங்காரமும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாணி உண்டு. கார் நம்பர் பிளேட்டில் ஆண்டு தெரியும். பின்னால் தெரியும் கடைப் பலகை, மலை, தெருமுனை எல்லாம் சாட்சி. கடைசியாக முகங்கள். நாயகனைவிட ஓரத்தில் நிற்கும் துணை நடிகர்கள்தான் கைகொடுப்பார்கள். இன்ன மீசைக்காரர் இன்ன ஆண்டு இன்ன கம்பெனியில் இருந்தார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வர்ஜீனியாவில் கல்பெப்பர் என்ற ஊரில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் திரைப்படக் காப்பகம் இருக்கிறது. அங்கே 2012-இல் 'மோஸ்ட்லி லாஸ்ட்' என்று ஒரு முகாம் தொடங்கினார்கள். அடையாளம் தெரியாத ரீல்களை ஓட்டுவார்கள். கூடியிருப்பவர்கள் இருட்டில் உட்கார்ந்து தெரிந்ததைக் கத்தலாம்: "அந்த வேலைக்காரி இன்னார்!", "அது இன்ன மாடல் வண்டி!" மடிக்கணினியில் உடனுக்குடன் பழைய பத்திரிகைகளைத் தேடுவார்கள். சினிமா கொட்டகையில் பேசினால் அதட்டுவார்கள். இங்கே பேசாமல் இருப்பதுதான் குற்றம். மிர்சாலிஸ் தான் கண்டெடுத்த பை சண்டை ரீலைப் பற்றி அறிவித்ததும் இந்தக் கூட்டத்தில்தான்.

எல்லோரும் ஏன் அவ்வளவு வேகமாக ஓடுகிறார்கள்?

கையால் சுற்றும் கேமராவில் விநாடிக்கு 16 முதல் 20 சட்டங்கள் (ஃபிரேம்கள்) வரை எடுத்ததை, பிறகு 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் எல்லாம் விறுவிறுக்கும். தொலைக்காட்சியில் நாம் பார்த்த பழைய சாப்ளின் படங்கள் பலவற்றின் கோளாறு இது. ஆனால் துரத்தல் காட்சிகளில் கேமராமேன் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவார், திரையில் வேகமாகத் தெரிவதற்காக. ஆகவே மறுசீரமைப்பவர்கள் வேகத்தை முற்றிலும் இயல்பாக்கினால் நகைச்சுவை செத்துவிடும். காட்சி காட்சியாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

மறுசீரமைத்த பிரதி என்றால் அசல் படம்தானே?

அசலுக்கு எவ்வளவு நெருக்கமாகப் போக முடியுமோ அவ்வளவு. சாப்ளினின் கீஸ்டோன் படங்களை லண்டனிலும் இத்தாலியின் பொலோன்யாவிலும் பாரிஸிலும் உள்ள காப்பகங்கள் சேர்ந்து சீரமைத்தபோது, பல நாடுகளிலிருந்து பிரிண்டுகளை வரவழைத்து, இதில் ஒரு ஷாட், அதில் ஒரு ஷாட் என்று கோர்த்தார்கள்.

சில படங்களுக்கு அசலே இரண்டு உண்டு. கீட்டனின் 1922-ஆம் ஆண்டுப் படமான 'தி பிளாக்ஸ்மித்' எல்லோருக்கும் தெரிந்த படம்தான். 2013-இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த பெர்னாண்டோ பேன்யா, அதற்கு வேறு காட்சிகள் உள்ள இன்னொரு வடிவம் இருப்பதைக் கவனித்தார். தொலைந்தது என்று யாரும் அறியாத ஒன்று அப்படிக் கிடைத்தது.

கீட்டனின் 'ஹார்ட் லக்' இன்னொரு ரகம். 1921-இல் வந்தது. பல பத்தாண்டுகள் கிடைக்காமல் இருந்து, 1987-இல் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் துண்டுகளைச் சேர்த்து மீட்டபோதும் கடைசிக் காட்சி மட்டும் இல்லை. அது என்னவென்றால், கீட்டன் உயரத்திலிருந்து நீச்சல் குளத்தில் குதிக்கிறார், குறி தவறித் தரையில் விழுகிறார், தரையில் ஆழமான ஓட்டை. ஆண்டுகள் கழித்து அதே ஓட்டையிலிருந்து சீன மனைவி, பிள்ளைகளோடு ஏறி வருகிறார். தன் படங்களிலேயே அதிகச் சிரிப்பு வாங்கிய இடம் அது என்று கீட்டன் சொல்லியிருந்தார். நல்லவேளை, பின்னர் அந்தத் துண்டும் கிடைத்துவிட்டது.

நம் மௌனப்படங்களின் கதி?

இதைவிட மோசம். சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் சின்னப் படங்களும் வாங்கி ஊர் ஊராகக் காட்டினார். நடராஜ முதலியார் சென்னையில் 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான அதில் இன்று ஒரு சட்டம்கூட இல்லை. தென்னிந்திய மௌனப்படங்களில் மிஞ்சியது ஏறக்குறைய 'மார்த்தாண்ட வர்மா' மட்டுமே. 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியபோது காப்பாற்றுவதற்கே பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

புதிதாகப் பார்க்கிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?

அமெரிக்காவில் இந்தப் படங்கள் பெரும்பாலும் காப்புரிமைக் காலம் முடிந்தவை, இணையத்தில் தேடினால் கிடைக்கும். ஆனால் கண்ட பிரதியைப் பார்க்காதீர்கள். மங்கலான, தலை வெட்டுப்பட்ட, தப்பான வேகத்தில் ஓடும் பிரதியைப் பார்த்துவிட்டு "இதிலென்ன இருக்கிறது" என்று போய்விடுபவர்கள் அதிகம். காப்பகங்கள் சீரமைத்த பிரதியா என்று பாருங்கள். கீட்டனின் 'ஒன் வீக்', சாப்ளின் மியூச்சுவல் கம்பெனிக்கு எடுத்த 'ஈசி ஸ்ட்ரீட்', சார்லி சேஸின் 'மைட்டி லைக் எ மூஸ்' மூன்றும் போதும், மிச்சத்தை நீங்களே தேடுவீர்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள். மொழி தேவையில்லை என்பதால் மூன்று வயதுப் பிள்ளையும் பெரியவர்களோடு ஒரே நேரத்தில் சிரிக்கும்.

வீட்டில் அல்லது பழைய கடையில் பிலிம் பெட்டி கிடைத்தால் என்ன செய்வது?

புரொஜெக்டரில் போடாதீர்கள், அது முதல் விதி. சுருங்கிய பிலிமைப் பல் சக்கரம் கிழித்துவிடும். நல்ல வெளிச்சத்தில், காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இல்லாமல் திறந்து ஓரத்தைப் பாருங்கள். 'சேஃப்டி' என்று அச்சாகியிருந்தால் தீப் பயம் இல்லை. வினிகர் வாடை அடித்தால் அழுகத் தொடங்கிவிட்டது, சீக்கிரம் கவனிக்க வேண்டும். 'நைட்ரேட்' என்று இருந்தாலோ, 35 மி.மீ. அகலத்தில் ஓரத்தில் எதுவுமே எழுதாமல் 1950-க்கு முந்தியதாகத் தோன்றினாலோ, நைட்ரேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்ட வேண்டாம், வீட்டுக்குள் வைக்க வேண்டாம், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். தபாலிலும் பஸ்ஸிலும் அனுப்பாதீர்கள். பெட்டியையும், ஒட்டியிருக்கும் சீட்டையும், முடிந்தால் நாலைந்து சட்டங்களையும் செல்போனில் படம் எடுத்துப் புனே காப்பகத்துக்கு எழுதுங்கள். எப்படி எடுத்துப் போவது என்று அவர்கள் சொல்வார்கள்.

பெட்டி மேல் எழுதியிருக்கும் பெயரை நம்பி, இது எல்லோரிடமும் இருக்கிற படம்தானே என்று தூக்கி மட்டும் போட்டுவிடாதீர்கள்.